இரண்டு பெட்டி, ஒரே பலகை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

எங்களோடு ஒரே குடியிருப்பில் ஓடியாடி வளர்ந்து, இன்று நரை தொடங்கிய தலையோடு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தோழர்களே!

ஆண்டுதோறும் இந்த மேடையில் வள்ளுவரும் இளங்கோவும் கம்பரும் வீற்றிருப்பது வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் எங்களை அழைத்து, "உங்கள் தலைமுறையின் இளமையைப் பற்றிப் பேசுங்கள்" என்று பணித்தனர். எங்கள் இளமையைத் துருவிப் பார்த்தோம். அதில் சிலம்பு இருந்த இடம் சிறிது. வீடியோ கேம் இருந்த இடம் பெரிது. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். இன்னொன்றும் உண்டு. முப்பது ஆண்டுகளாக நாங்கள் மூடி வைத்திருந்த ஒரு குற்றத்தை இன்று இச்சபையில் ஒப்புக்கொள்ளவே இங்கு வந்திருக்கிறோம். 'நாங்கள்' என்பது பெருமைக்காகச் சொல்லும் பன்மை அன்று. அண்ணன் தம்பி இருவர். தம்பி இன்று பெங்களூரில் இருக்கிறான். அவன் சம்மதத்தோடுதான் பேசுகிறோம்.

புது தில்லி சரோஜினி நகரின் அரசாங்கக் குடியிருப்புகளை இங்குள்ளோர் பலர் அறிவீர்கள். 2016-ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை இடித்துக் கட்ட ஒப்புதல் அளித்த ஏழு குடியிருப்புகளுள் அதுவும் ஒன்று. நாங்கள் வாழ்ந்த வீடு இன்று இல்லை. முற்றத்து வேப்பமரமும் இல்லை. ஆனால் 1992-ஆம் ஆண்டில் அங்கே, ஒரே வரிசையில், மூன்று தமிழ் வீடுகள் இருந்தன. தில்லியில் நம்மவர் வீட்டுக்குப் பெயர் ஏது? ஊர்தானே பெயர்! ஒன்று தஞ்சாவூர் வீடு, ஒன்று திருநெல்வேலி வீடு, நடுவில் எங்களுடையது சேலத்து வீடு.

தஞ்சாவூர் வீட்டில் வெள்ளை நிறத்தில் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. திருநெல்வேலி வீட்டில் கறுப்பு நிறத்தில் ஒன்று. எங்கள் வீட்டில் இல்லை. அப்பாவிடம் கேட்டோம். "பிக்சர் டியூப் போய்விடும்" என்றார். அக்காலத்துத் தந்தையர் எல்லோரும் ஒரே பள்ளியில் பயின்று இந்த ஒரு வாக்கியத்தைக் கற்றனர் போலும்! விலை ஆயிரத்துக்கு மேல் என்பதே உண்மைக் காரணம் என்று பின்னாளில் விளங்கியது.

பெட்டி இல்லாதவருக்கு ஒரு வசதி உண்டு: இரண்டு கட்சியிலும் இடம் கிடைக்கும். காலையில் தஞ்சாவூர் மாமி தரும் தட்டையைத் தின்றுகொண்டு வெள்ளைப் பெட்டியே சிறந்தது என்போம். மாலையில் திருநெல்வேலி அத்தை தரும் முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டு கறுப்புப் பெட்டிக்கு நிகருண்டோ என்போம். அவ்விரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடையே நடந்த வழக்கை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வெள்ளையில் மாரியோ உயரக் குதிக்கிறான் என்பான் ஒருவன். கறுப்பில் வண்ணம் தெளிவு என்பான் மற்றவன். எங்களுடையதே ஜப்பான் அசல், உங்களுடையது பாலிகா பஜாரில் வாங்கிய போலி என்பது இருவருக்கும் பொதுவான வாதம். உண்மையில் இரண்டுமே பாலிகா பஜாரில் வாங்கியவைதாம். ஒன்றின் 'கேசட்' மட்டும் சென்னை பர்மா பஜாரில் வாங்கப்பெற்றுத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில், ஊறுகாய் ஜாடிக்கும் அப்பளக் கட்டுக்கும் நடுவே, வந்து சேர்ந்தது. காட்ரிட்ஜ் என்பதே அதன் முறையான பெயர். நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இந்தக் கலகத்தின் மூலம் ஜப்பானில் இருக்கிறது. கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டு பூப்போட்ட சீட்டுக்கட்டுகள் செய்யத் தொடங்கிய கம்பெனி நிண்டெண்டோ. அது 1983 ஜூலை 15-ஆம் நாள் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்னும் பெட்டியை 14,800 யென் விலைக்கு வெளியிட்டது. மசாயுகி உயெமுரா என்ற பொறியாளர் அதை வடிவமைத்தார். வியப்பு என்னவென்றால், அதே நாளில் சேகா என்னும் கம்பெனியும் தன் முதல் வீட்டுப் பெட்டியை வெளியிட்டது. பகை பிறந்த நாளே இருவருக்கும் பொது! 1988-இல் சேகா 16-பிட் திறனுள்ள 'மெகா டிரைவ்' பெட்டியைக் கொணர்ந்தது. மறு ஆண்டு அது அமெரிக்கா சென்றபோது நடந்த விளம்பரப் போர் பெயர் பெற்றது. நிண்டெண்டோவால் ஆகாததைச் செய்வோம் என்று, எதிரியின் பெயரையே சிலேடையாக்கி விளம்பரம் செய்தது சேகா. நம் காளமேகம் கண்டிருந்தால் ஒரு புன்முறுவல் பூத்திருப்பார். நிண்டெண்டோவுக்கு மாரியோ என்ற மீசைக்காரக் குழாய்த் தொழிலாளி. அவனை வெல்ல 1991-இல் சேகா படைத்தது சோனிக் என்ற நீல முள்ளெலி. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்து நின்றனர்.

அந்தப் போரின் அசல் ஆயுதங்கள் நம்மிடம் வந்து சேரவில்லை. சேகாவின் பெட்டி 1995-இல் ஷா வாலஸ் நிறுவனத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. விலை 18,000 ரூபாய். குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று கண்டு வணங்கத்தக்க விலை. நாம் கண்டதெல்லாம் நிண்டெண்டோவின் 1983-ஆம் ஆண்டுப் பெட்டியைப் பார்த்துத் தைவானிலும் சீனத்திலும் செய்த நகல்கள். ஜப்பானில் விற்ற அப்பெட்டியில், பிறர் செய்த கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சில்லு இல்லை. ஆகவே அதற்கேற்ற கேசட்டை யாரும் செய்ய முடிந்தது. ரஷ்ய நாட்டுப் பிள்ளைகளும் 1992 முதல் 'டெண்டி' என்ற பெயரில் இதே நகலைத்தான் ஆடினர்.

நகலானால் என்ன? ஆனந்தம் அசலாக இருந்தது. மாரியோவின் ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல் நூறு மடங்கு இடம் கொள்ளும். வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. இதை முதலில் கண்டுபிடித்தவள் தஞ்சாவூர் வீட்டுப் பெண். எவரும் நம்பவில்லை, ஆட்டத்தை நிறுத்திவைத்துத் திரையில் விரலை வைத்துக் காட்டினாள்.

வாத்துச் சுடும் துப்பாக்கியையும் சொல்ல வேண்டும். அதிலிருந்து குண்டும் வராது, ஒளியும் வராது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கியின் முனையிலுள்ள கண் முதலில் இருளையும் பிறகு ஒளியையும் கண்டால் வாத்து விழும். இந்தச் சூட்சுமம் அறியாமல், டியூப் லைட்டைப் பார்த்துச் சுட்டால் எல்லா வாத்தும் விழும் என்று திருநெல்வேலிக் கட்சியார் சொன்ன பொய்யை நம்பி, ஒரு கோடை விடுமுறை முழுவதும் விட்டத்தைச் சுட்டோம்.

காண்ட்ரா என்னும் ஆட்டத்துக்கு வருவோம். வழக்கே அதைப் பற்றியது. கொனாமி கம்பெனி 1988-இல் இந்தப் பெட்டிக்குக் கொண்டுவந்த ஆட்டம் அது. இரண்டு போர்வீரர், ஆளுக்கு மூன்று உயிர், ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போயிற்று. ஆனால் ஆட்டம் தொடங்குமுன் ஒரு மந்திரம் போட்டால் முப்பது உயிர் கிடைக்கும். கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற பொறியாளர், 1986-இல் வந்த வேறோர் ஆட்டத்தைச் சோதிக்கும்போது அதன் கடினம் தாளாமல் தமக்காகச் செய்துகொண்ட குறுக்குவழி அது. அவர் 2020-இல் காலமானார். பள்ளியில் இந்தி பேசி, வீதியில் பஞ்சாபி கேட்டு வளர்ந்த நாங்கள் அந்த மந்திரத்தை மட்டும் தமிழிலேயே ஓதினோம்: "மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம்." வாய்பாடு ஒப்பிப்பது போல் ஒருவன் சொல்ல ஒருவன் அழுத்துவான். இன்றும் இடம் வலம் குழம்பினால் எங்கள் கட்டைவிரல்தான் வழி சொல்கிறது.

காண்ட்ரா கேசட் தஞ்சாவூர் வீட்டுக்குச் சொந்தம். 1994-ஆம் ஆண்டு மே மாதம், பெரிய மனம் வைத்து, திருநெல்வேலி வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு இரவல் தந்தனர். கொண்டுபோய்க் கொடுத்தவர் நாங்கள். திருப்பி வாங்கி வந்தவரும் நாங்கள். வரும் வழியில் எங்கள் வீடு. அப்பாவின் ஸ்க்ரூ டிரைவர் அலமாரியில் இருந்தது.

திருடும் எண்ணம் இல்லை. அத்தனை காடும் அருவியும் போர்வீரரும் இவ்வளவு சிறிய பெட்டிக்குள் எங்கே இருக்கின்றனர் என்று காணவேண்டும் என்ற ஆசையே. திறந்தோம். உள்ளே ஒரு சிறு பச்சைப் பலகை. அதன் நடுவில் கறுப்பாக, கோந்து உறைந்தது போல் ஒரு பொட்டு. ஆட்டம் அதன் அடியில் ஒளிந்திருக்கிறது என்று முடிவு செய்து, சவர பிளேடால் அந்தப் பொட்டைச் சுரண்டினோம். தம்பி டார்ச் பிடித்தான். மயிரிழை போன்ற ஏதோ ஒன்று மின்னி அறுந்தது. மூடி, திருகாணி முடுக்கி, ஒன்றும் அறியாதவர் போல் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

தஞ்சாவூர் வீட்டில் கேசட்டைச் செருகினர். திரை சாம்பல் நிறமாகவே நின்றது. எடுத்து ஊதினர், மீண்டும் செருகினர், மீண்டும் ஊதினர். ஊதுவதால் பயன் இல்லை, எடுத்துச் செருகும்போது தொடர்பு சரியாவதே காரணம், எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும் என்பதெல்லாம் இன்று அறிந்தவை. அன்று மூச்சே மருந்து. எட்டு முறை ஊதியும் உயிர் வரவில்லை. "அவர்கள் பொறாமையால் கெடுத்துவிட்டார்கள்" என்றான் அவ்வீட்டுப் பையன். நாங்கள் அருகில் நின்றோம். பேசவில்லை.

பிள்ளைகள் சண்டை அடுக்களைக்குப் போயிற்று. அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்தது. திருநெல்வேலி அத்தை, "எங்கள் பிள்ளை பொய் சொல்ல மாட்டான்" என்று ஒரே வாக்கியம் சொல்லிக் கதவைச் சாத்தினார். அன்றோடு இரு வீட்டாருக்கும் பேச்சு நின்றது. அவ்வாண்டுப் பொங்கலுக்கு இரு வாசலிலும் கோலம் இருந்தது; இரு வீட்டுக்கும் இடையே கிண்ணம் நடமாடவில்லை. நம் சங்க ஆண்டு விழாவில் பிள்ளைகள் நாடகம் அந்த ஓராண்டு மட்டும் நடைபெறாமல் போனதைச் சிலர் நினைவு வைத்திருக்கக்கூடும். காரணம் ஒத்திகைக்கு ஆள் சேரவில்லை என்று எழுதி வைத்தார்கள். காரணம் நாங்கள்.

1995 ஜூன் மாதம் திருநெல்வேலி வீட்டாருக்கு நாகபுரிக்கு மாற்றல் வந்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட நாங்கள் சென்றோம். புறப்படுமுன் தஞ்சாவூர் மாமி எங்களைக் கூப்பிட்டு, இலையில் கட்டிய புளியோதரைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, "நான் கொடுத்தேன் என்று சொல்லாதே" என்றார். அத்தை பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். யார் கைப்பக்குவம் என்பது அவருக்குத் தெரியாதா? ஒன்றும் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டார். அவர் மகன், வண்டி நகரும் வேளையில், ஜன்னல் வழியாக ஒரு துணிப்பையை எங்களிடம் தந்தான். உள்ளே கறுப்புப் பெட்டி. "உங்கள் வீட்டில்தான் இல்லையே" என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வண்டி போய்விட்டது.

சில மாதங்களில் வெள்ளைப் பெட்டி நின்றுபோயிற்று. கறுப்பும் அதற்குமுன் ஒரு ஜாய்ஸ்டிக் கெட்டுக் கிடந்தது. இரண்டையும் சாந்தினி சௌக்கு லஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தார். தஞ்சாவூர்ப் பையனும் நாங்களும் குனிந்து பார்த்தோம். அதே பச்சைப் பலகை. அதே இடத்தில் அதே இரண்டு பெரிய சில்லுகள். அவற்றின்மேல் அதே எண். வேறுபாடு மேலே மூடிய பிளாஸ்டிக் நிறம் ஒன்றே. மின்னழுத்தத்தைச் சீராக்கும் 7805 என்ற சிறு உறுப்பு வெள்ளையில் வெந்திருந்தது. கறுப்பிலிருந்து கழற்றி வெள்ளையில் பற்றவைத்தார். ஐந்து நிமிடத்தில் மாரியோ குதித்தான். தஞ்சாவூர்ப் பையன் சிரிக்கவில்லை. வீடு வரும் வரை பஸ்ஸில் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஜப்பானியப் பகையும் முடிந்துபோயிற்று. சேகா 2001-இல் பெட்டி செய்வதையே நிறுத்தி, அதே ஆண்டில் தன் நீல முள்ளெலியை நிண்டெண்டோவின் கைப்பெட்டியில் ஓடவிட்டது. 2007-இல் மாரியோவும் சோனிக்கும் ஒரே ஒலிம்பிக் மைதானத்தில் ஒன்றாக ஆடினர். எந்தப் பகைக்கு அமெரிக்கப் பிள்ளைகள் அடித்துக்கொண்டனரோ, அது வாணிக ஒப்பந்தத்தில் தீர்ந்தது. எங்கள் வரிசைக்கு அப்படி ஒப்பந்தம் எழுதுவார் இல்லை.

தஞ்சாவூர் மாமி இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இன்று காலை அவர் வீட்டுக்குச் சென்று, இத்தனை ஆண்டு எங்களிடமே தங்கிவிட்ட அந்தக் காண்ட்ரா கேசட்டை அவர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னோம். மூக்குக் கண்ணாடியைத் தேடி அணிந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதற்காகவா?" என்றார். பிறகு, "அவளிடம் சொன்னாயா?" என்று கேட்டார். சொல்லவில்லை. நாகபுரியிலிருந்து அவர்கள் மீண்டும் மாற்றலாகிப் போனபின் முகவரி தவறிவிட்டது. இவ்வுரை விழா மலரில் அச்சாகும் என்றும், வெளியூர் உறுப்பினர்களுக்கும் மலர் அஞ்சலில் செல்லும் என்றும் செயலாளர் சொன்னார். அத்தை கண்ணில் படுமானால், உங்கள் பிள்ளை பொய் சொல்லவில்லை.

இரவு உணவுக்குப் பின் மேடைக்குப் பின்னறைக்கு வாருங்கள். பழைய டப்பா டிவி ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறோம்; இன்றைய தட்டைத் திரையில் அந்த வாத்துத் துப்பாக்கி வேலை செய்யாது. வெள்ளைப் பெட்டி ஓடுகிறது. 1985-ஆம் ஆண்டின் டாங்கி ஆட்டம் போட்டிருக்கிறோம். இருவர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்கும் ஆட்டம். கூட்டாளியைத் தவறிச் சுட்டால் அவர் சற்று நேரம் அசையாமல் நின்றுவிடுவார், பார்த்து ஆடுங்கள். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் இடப்புறப் பொத்தான் கொஞ்சம் மெத்தனம். அழுத்திப் பிடிக்க வேண்டும்.