மாணவர் படையும் மாணவர் கடனும்



பள்ளி முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் மாலை வேளையில், விளையாட்டு வெளியின் ஒரு பக்கத்தில் மட்டும் சிலர் வரிசையாக நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காக்கி உடை, பளபளக்கும் காலணி, தொப்பியில் சிவப்புக் குஞ்சம். ‘சாவ்தான்’ என்றொரு குரல் எழுகிறது. ஐம்பது பேரின் கால்கள் ஒரே ஓசையாக மண்ணில் பதிகின்றன. வேலிக்கு அப்பால் நின்று பார்க்கும் சிறுவனின் உள்ளத்தில், ‘இந்த உடை எனக்கும் கிடைக்குமா?’ என்ற ஆசை பிறக்கிறது. அந்த ஆசையில் தவறில்லை. வேலிக்கு அப்பால் நின்ற அத்தகைய சிறுவர்களில் ஒருவனாக நானும் இருந்தேன். ஆனால், அந்த உடை நமக்கு என்ன தருகிறது என்பதை மட்டும் எண்ணினால் போதாது. நம்மிடம் அது எதை எதிர்பார்க்கிறது என்பதையும் எண்ண வேண்டும். இன்று நான் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

முதலில் இப்படையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் மாணவர்க்குப் படைப்பயிற்சி தரும் முயற்சி 1917-ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழகப் படை என்ற பெயரில் தொடங்கியது. பின்னர் அது 1920-இலும் 1942-இலும் வேறு வேறு வடிவங்கள் பெற்றது. நாடு விடுதலை பெறும் காலத்தில் பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழு, பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பொதுவான ஒரு மாணவர் படை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பயனாக 1948-இல் தேசிய மாணவர் படைச் சட்டம் பிறந்தது. 1949-இல் மாணவியர் பிரிவும், 1950-இல் வான்படைப் பிரிவும், 1952-இல் கடற்படைப் பிரிவும் சேர்ந்தன. 1948-இல் 20,000 மாணவரோடு தொடங்கிய இப்படையில் 20 இலட்சம் பேர் வரை சேர்வதற்கு 2024-இல் ஒப்புதல் கிடைத்தது. ஆலமரத்தின் விதை சிறிது. நிழலோ பெரிது அன்றோ?

அந்தச் சட்டத்தில் நீங்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. மாணவர் படையில் சேர்ந்திருப்பதனாலேயே ஒருவர் போர்ப்பணிக்குக் கட்டுப்பட்டவர் ஆகமாட்டார் என்று அது தெளிவாகக் கூறுகிறது. ‘அப்படியானால் துப்பாக்கி எதற்கு? அணிவகுப்பு எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பள்ளி மாணவனைப் போர்வீரனாக்குவது இப்பயிற்சியின் நோக்கமன்று. நம்பத்தக்க குடிமகனாக்குவதே நோக்கம். ‘ஒற்றுமையும் ஒழுக்கமும்’ என்பது இப்படையின் குறிக்கோள். 1965-லும் 1971-லும் போர் மூண்டபோது மாணவர் படையினர் போர்க்கருவித் தொழிற்சாலைகளுக்குத் துணைநின்றனர். தளவாடங்களைக் கொண்டு சேர்த்தனர். 2020-இல் பெருந்தொற்று பரவியபோது, கல்லூரிப் பிரிவைச் சேர்ந்தவர்கள் தாமே முன்வந்து உணவும் மருந்தும் வழங்கும் பணியிலும், வரிசைகளை ஒழுங்குபடுத்தும் பணியிலும் நின்றனர். துப்பாக்கி ஏந்தும் வேலை அங்கே இல்லை. சொன்ன நேரத்தில் வந்து, சொன்ன இடத்தில் நின்று, சொன்ன வேலையை முடிப்பவர்களே அங்கே தேவைப்பட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பின், 1963-இல் கல்லூரி மாணவர்களுக்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968-இல் அது மீண்டும் அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டது. பள்ளியில் இன்று இதில் சேர்பவன் தானே விரும்பிச் சேர்பவன். கட்டாயத்தால் வந்தவன் தாமதித்தால் அவனுக்கு ஒரு சாக்காவது உண்டு. விரும்பி வந்தவனுக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஆகவே, மாணவர் படையில் பொறுப்பு என்பது முதல் அணிவகுப்பில் தொடங்குவதன்று. ‘நானும் சேர்கிறேன்’ என்று பெயர் கொடுத்த கணத்திலேயே தொடங்கிவிடுகிறது.

எந்தப் பொறுப்பு? நேரந்தவறாமை முதலாவது. உடையைத் துவைத்து, மடிப்புக் கலையாமல் அணிவது இரண்டாவது. அதைத் தாயிடமோ தமக்கையிடமோ விட்டுவிடாமல் தானே செய்வது மூன்றாவது. இவை சிறியவை என்று எண்ண வேண்டா. ஆனால் இவற்றைக் காட்டிலும் அடிப்படையான ஒன்று உண்டு. அதை எந்தப் பாடநூலிலும் நான் கற்கவில்லை. 1974-ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவனாக ஓர் ஆண்டுப் பயிற்சி முகாமில் இருந்தபோது, வெட்கத்தோடு கற்றுக்கொண்டேன்.

அன்று எங்களுக்குச் சுடும் பயிற்சி. 0.22 அங்குலத் துப்பாக்கி. ஒருவருக்கு ஐந்து தோட்டாக்கள். சுட்டு முடிந்ததும் வெற்றுத் தோட்டாக் கூடுகள் அனைத்தையும் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். ‘கோக்கா’ என்பார் எங்கள் பயிற்றுநரான ஹவில்தார். பிறகு ஒவ்வொருவரும் முன்வந்து, தம்மிடம் தோட்டாவோ வெற்றுக் கூடோ இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். நான் சுட்ட ஐந்தாவது தோட்டாவின் பித்தளைக் கூடு என் முழங்கை அருகே வந்து விழுந்தது. சுண்டுவிரல் நுனியளவே இருந்தது; வெயிலில் பொன்போல் மின்னியது. ஊரிலிருக்கும் தங்கையிடம் அதைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், ஒருவரும் அறியாமல் என் காலுறைக்குள் நழுவவிட்டேன்.

எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. மீண்டும் எண்ணினார்கள், மீண்டும் குறைந்தது. நாற்பது பேரும் வரிசையில் நின்றோம். ஒவ்வொருவராகத் தம்மிடம் இல்லை என்று சொன்னார்கள். என் முறை வந்தபோது நானும் சொன்னேன். பொழுது சாய்ந்தது. எல்லாரும் மண்டியிட்டுப் புல்லைத் துழாவத் தொடங்கினார்கள். பசியோடு இருந்த சின்னஞ்சிறுவன் ஒருவன் அழுதேவிட்டான். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லவும் துணிவு வரவில்லை. குனிந்து தேடுவதுபோல் நடித்துக் காலுறையிலிருந்து அதை எடுத்து, ‘கிடைத்துவிட்டது!’ என்று கூவினேன். ஹவில்தார் ஓடிவந்து என் முதுகைத் தட்டி, ‘சபாஷ்!’ என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைப்போல் என்னைச் சுட்ட ஒலி வேறில்லை.

அன்றிரவு கூடாரத்தில் எங்கள் பிரிவுத் தலைவன், என்னினும் ஓராண்டு மூத்தவன், என் அருகில் வந்து அமர்ந்தான். மெல்லிய குரலில் சொன்னான்: ‘நீ குனிந்தபோது உன் கை முதலில் காலுறைக்குப் போனதைப் பார்த்தேன். நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியவன் நீ. நீ சொல்லாவிட்டாலும் உன்னோடு பேசுவேன், ஒன்றாக உண்பேன். ஆனால் இனி நீ எண்ணித் தருவது எதுவானாலும், நான் ஒருமுறை மறுபடி எண்ணிப் பார்ப்பேன்.’

மாணவர்களே, அவன் என்னை வையவில்லை, அடிக்கவில்லை. எனினும் அந்தக் கடைசிச் சொல் என்னை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. விடிந்ததும் ஹவில்தாரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னதன் கருத்து இது: ‘வெற்றுக் கூடு போனால் பெரிதில்லை. எதற்காக எண்ணுகிறோம்? சுடாத தோட்டா ஒன்று யார் பையிலாவது தங்கிவிடக் கூடாது என்பதற்காக. நீ இல்லை என்று சொன்னால் நாங்கள் நம்புகிறோம். அந்த நம்பிக்கையில்தான் நாற்பது பேரின் உயிர் இருக்கிறது.’

முகாமின் எஞ்சிய நாள்களில் சமையற்கூடத்துத் தட்டுகளையும் குவளைகளையும் எண்ணி ஒப்படைக்கும் வேலையை எனக்கே கொடுத்தார். முதல் இரண்டு நாள்கள் பிரிவுத் தலைவன் தான் சொன்னபடியே மறுபடியும் எண்ணினான். மூன்றாம் நாள் நான் எண்ணிக்கை சொன்னேன். அவன் தலையசைத்துவிட்டுப் போய்விட்டான். அன்று நான் பெற்றதைவிடப் பெரிய பதக்கத்தைப் பிற்காலத்தில் எவரிடமிருந்தும் பெறவில்லை.

மறுமுறை எண்ணிப் பார்க்க வேண்டாத சொல்லை உடையவனாக இருப்பதே மாணவர் படையில் சேர்ந்தவனின் முதற்கடன் என்பேன். மற்ற கடன்கள் எல்லாம் இதன் கிளைகளே. படையினர்க்குரிய ஒழுங்குகள் நான்கு என்று கற்பிக்கிறார்கள்: முகமலர்ச்சியோடு கீழ்ப்படிதல், நேரந்தவறாமை, ஆரவாரமின்றிக் கடுமையாக உழைத்தல், சாக்குப்போக்கும் பொய்யும் கூறாமை. நான்காவது இல்லாவிடில் முதல் மூன்றும் வெறும் வேடம்.

பிற்காலத்தில் நான் ஆசிரியனாகி, மாணவர் படையின் பொறுப்பும் ஏற்றேன். அப்போது இந்தப் பாடம் வேறொரு வடிவில் என் முன் வந்தது. பள்ளி மாணவர்க்குரிய ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வு எழுத, பயிற்சி வகுப்புகளில் நூற்றுக்கு 75 வருகை இருக்க வேண்டும். நல்ல மாணவன் ஒருவனுக்குச் சில வகுப்புகள் குறைந்தன. ‘பதிவேட்டில் நாலு கோடு போட்டால் என்ன குறைந்துவிடும்?’ என்று அவன் தந்தையார் கேட்டார். என் மனமும் இளகியது. ஆனால் அந்தப் பித்தளைக் கூடு என் நினைவுக்கு வந்தது. மறுத்துவிட்டேன். அவன் அந்த ஆண்டு முழுவதும் என்னோடு பேசவில்லை. எனக்கும் அது வருத்தமே. ஆயினும் நான் கோடு போட்டிருந்தால், உண்மையாக வந்த மற்றப் பிள்ளைகளின் சான்றிதழும் அந்தக் கணமே மதிப்பிழந்திருக்கும்.

அடுத்து, அதிகாரத்தைப் பற்றி ஒரு சொல். படையில் கார்ப்பொரல், சார்ஜண்ட் என்று உங்களில் சிலருக்குப் பட்டை கிடைக்கும். சட்டைக் கையில் பட்டை ஏறியதும் சிலருக்குக் குரலும் ஏறிவிடுகிறது. தன் காலணியை இளைய மாணவனைக் கொண்டு துடைக்கச் செய்த ஒருவனை நான் கண்டதுண்டு. பட்டை என்பது பிறரை வேலைவாங்கும் உரிமைச் சீட்டன்று. பிரிவில் கடைசி மாணவன் உண்ட பிறகே தலைவன் உண்ண வேண்டும். பயிற்சி ஓட்டத்தில் பின்தங்குபவனோடு சேர்ந்து ஓட வேண்டும். கீழ்ப்படிபவனுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவனை இழிவுபடுத்தும்படியோ பொய் சொல்லும்படியோ மூத்தவன் ஏவினால், அதை மறுத்து ஆசிரியரிடம் சொல்வதே கட்டுப்பாடு. அஞ்சி இணங்குவது கட்டுப்பாடு ஆகாது.

ஒற்றுமை என்பதும் மேடையில் முழங்கும் சொல்லன்று. முகாமில் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்கும்போது உங்கள் முன்னும் பின்னும் நிற்பவர் எந்தச் சாதி, எந்த மதம், எந்த மொழி என்று சமையற்கூடம் கேட்பதில்லை. அந்த வரிசையை முகாமோடு விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, பழைய வேலிகளுக்குள் புகுந்துகொள்பவன், உடையைக் கழற்றும்போது பயிற்சியையும் சேர்த்துக் கழற்றிவிட்டவனே ஆவான்.

பெரியோர்களாகிய நமக்கும் பொறுப்பு உண்டு. விழாவுக்கு வரும் பெருமக்களை வரவேற்கப் படை மாணவர்களை நெடுநேரம் வெயிலில் நிறுத்துவதும், நாற்காலி சுமக்கும் கூலியாட்களாகவே அவர்களைப் பயன்படுத்துவதும் சில இடங்களில் வழக்கமாகிவிட்டன. தொண்டு செய்யக் கற்பிப்பது வேறு. ஏவல் செய்ய வைப்பது வேறு. பிள்ளைகளிடம் ஒழுங்கை எதிர்பார்ப்பவர்கள், அவர்களுடைய நேரத்தையும் உடல்நலத்தையும் மதிக்கும் ஒழுங்கை முதலில் தாம் கடைப்பிடிக்க வேண்டும்.

மாணவர்களே, சான்றிதழ்கள் பயனுடையவையே. மேற்படிப்புக்கும் பணிகளுக்கும் அவை உதவலாம். ஆனால் அவற்றுக்காக மட்டுமே இதில் சேராதீர்கள். பாடங்களைப் புறக்கணித்துவிட்டு அணிவகுப்புக்கு ஓடிவராதீர்கள். படிப்பில் பின்தங்கும் படை மாணவன் தன் முதற்பணியை விட்டு நீங்கியவன். உங்களிற் பலர் இரண்டு ஆண்டுகளில் இந்தக் காக்கி உடையைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். பின்னர் நீங்கள் மருத்துவராகலாம், உழவராகலாம், கடையில் கணக்கெழுதலாம், பாலம் கட்டலாம். அங்கெல்லாம் நீங்கள் சொல்லும் ஓர் எண்ணை நம்பிப் பிறர் உயிரும் பொருளும் நிற்கும். அன்று உங்கள் எண்ணிக்கையை எவரும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டாதவராக நீங்கள் விளங்கினால், அந்த உடை உங்களுக்குத் தந்த கடனை நீங்கள் செம்மையாகத் தீர்த்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.