கோமாரி ஊசி

நாமகிரிப்பேட்டைப் பக்கம் கோமாரி ஊசி முகாம் என்றால், "ஊசி போட்டா பால் கொறையுமே" என்று மாட்டைக் கொட்டாயிலேயே கட்டிவைப்பவர்கள் உண்டு. குறையும்தான், சில மாட்டுக்கு ஓரிரு நாள். கோமாரியே வந்துவிட்டால்? வாயும் குளம்பும் புண்ணாகி, தீவனம் எடுக்காமல், அந்த ஈத்துப் பாலே போனாலும் போகும்.

2019 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் 6 மாதத்துக்கு ஒருமுறை இந்த ஊசி இலவசம். 4 மாதம் நிறைந்த கன்றுக்கு முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. அந்த இரண்டாவதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். வெயில் பட்டாலும் வீண், உறைந்தாலும் வீண். ஐஸ் பெட்டியோடு வந்தவர் அவசரப்படுத்தினால் கோபிக்காதீர்கள். காய்ச்சலாகக் கிடக்கும் மாடு இருந்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நம் தாத்தாக்களை நடுங்கவைத்த வெக்கை என்ற மாட்டு நோய், 2011-இல் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. விரட்டியது ஊசிதான். அதன் கிருமியில் தடுப்பூசிக்குத் தப்பும் வகைகள் இல்லை. கோமாரிக்கோ நம் நாட்டில் ஓ, ஏ, ஏசியா-1 என மூன்று வகை. ஒன்றுக்கான எதிர்ப்பு இன்னொன்றைத் தடுக்காது. அதனால்தான் மூன்றையும் சேர்த்தே ஊசி போடுகிறார்கள்.