அமைதிப் பிரதேசத்தில் வந்த நோய்



கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே ஜனங்கள் வழங்கும் இந்த வேலூர்ச் சீமையில் நின்றுகொண்டு, யுத்தத்தையும் வீரத்தையும் பற்றி நான் முன்னாள் படைவீரர்களாகிய உங்களுக்கு உபந்நியாசம் செய்வது, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம். ஆகையால் வீரத்தை உங்களிடமே விட்டுவிட்டு, ஒரு காகிதத்தைப் பற்றி மாத்திரம் பேச வந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதத்தில், அறுபதைத் தொட்ட ஹவில்தார் ஒருவர், ஜவுளிக்கடை மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். பைக்குள் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் டிஸ்சார்ஜ் புக். அதனுள் நான்காக மடித்த ஒரு கடிதம். மடிப்பெல்லாம் இற்றுப்போய், வேகமாக விரித்தால் நாலு துண்டாகிவிடும் நிலை. இருபத்துநான்கு வருஷம் பட்டாளத்தில் உழைத்து, ரத்த அழுத்த நோயோடு வீடு திரும்பியவருக்கு டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று சொல்லும் கடிதம் அது. “இதற்கு என்ன பதில் போட்டீர்கள்?” என்று கேட்டேன். “சர்க்காரே இல்லைன்னு எழுதின பிறகு பதில் என்னங்க ஐயா?” என்றார். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே பழகிய மனிதர், அந்தக் கடிதத்தையும் ஓர் உத்தரவாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார். அதன் கடைசிப் பத்தியில், ஆறு மாதத்துக்குள் அப்பீல் செய்துகொள்ளலாம் என்ற ஒரு வாக்கியமும் இருந்தது. பதினான்கு வருஷமாக அது மடிப்புக்குள் உறங்கியிருக்கிறது!

அந்தப் பையில் இருந்திருக்கவேண்டிய வேறொரு காகிதமும் உண்டு. பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கூடுகிற மெடிக்கல் போர்டின் அறிக்கை அது. ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். நோய் சேவையால் நேர்ந்ததாகவோ, சேவையால் முற்றியதாகவோ இருக்கவேண்டும். இந்த இரண்டும் கூடினால்தான் பென்ஷன். எழுதிக் கேட்டு அறிக்கையின் நகலை வாங்கிப் பார்த்தோம். ஊனம் 30 சதவீதம் என்று தாராளமாக ஒப்புக்கொண்ட போர்டு, சேவையால் நேர்ந்ததா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றெழுதி, ‘அமைதிப் பிரதேசத்தில் ஆரம்பித்தது’ என்ற ஒரே வரியைக் காரணமாக வைத்துவிட்டது. பனிமலை உச்சியில் கண்விழித்துக் காவல் நின்ற வருஷங்களைத் தள்ளிவிட்டு, நோய் கண்டுபிடிக்கப்பட்ட தினத்தில் அந்த மனிதர் எந்த ஊர் முகாமில் இருந்தார் என்று பார்த்து நியாயம் சொல்வது, தீப்பற்றிய வீட்டை விட்டுவிட்டுப் புகை பரவிய தெருவை விசாரிப்பது போலிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வழக்கை நீங்கள் அறிந்துகொள்ளவேண்டும். தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985-ல் சிக்னல்ஸ் படையில் சேர்ந்தார். ஏறக்குறைய ஒன்பது வருஷ சேவைக்குப் பின், வலிப்பு நோயினால் 20 சதவீத ஊனம் என்று தீர்மானித்து 1994-ல் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பென்ஷன் மறுக்கப்பட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, 2013 ஜூலையில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. சேருகிற நாளில் உடம்பைச் சோதித்து, யாதொரு குறையும் எழுதாமல் எடுத்துக்கொண்ட ஒருவன், பின்னர் நோயினால் வெளியேற்றப்பட்டால், அது சேவையில் வந்த நோய் என்றே அனுமானிக்கவேண்டும். அதை நிரூபிக்கும் பாரம் சிப்பாயின் தலையில் இல்லை. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவனுக்கே சேரும். சேரும்போது கண்டுபிடித்திருக்க இயலாத நோய் என்று போர்டு சொல்லுமானால், ஏன் என்று காரணமும் எழுதியாகவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். எல்லா நோய்க்கும் இது கண்ணை மூடிக்கொண்டு பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. 2023 செப்டம்பர் 21-க்குப் பின் விடுபட்டவர்களுக்குப் புதிய விதிகளும் வந்திருக்கின்றன. அவர்கள் அவற்றைத்தான் பார்க்கவேண்டும்.

வழி நீண்டதாயினும் சிக்கலானதன்று. முதல் அப்பீல், அது தள்ளப்பட்டால் இரண்டாவது அப்பீல், அதற்கும் மேல் 2007-ஆம் வருஷச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் அமர்வு ஒன்று நம் சென்னையிலேயே இருக்கிறது. முடிவான உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் அங்கே மனுச் செய்யவேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் காலம் கடந்து வருகிறவருக்குப் பழைய பாக்கி பெரும்பாலும் மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும். வென்றாலும் நம் ஹவில்தாருக்குப் பதினோரு வருஷப் பணம் போனது போனதுதான். வென்றால் அவருடைய 30 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடக் கேட்கலாம். பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் அந்தச் சலுகை உண்டென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. இதை நான் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. “அந்தக் கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படிங்க ஐயா” என்றார்.

படித்தேன். கேட்டுவிட்டு, அந்தக் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டார்.

இந்தச் சபையிலும் அநேக மஞ்சள் பைகளைக் காண்கிறேன். பந்தலின் வடக்கு ஓரத்தில் மேஜை போட்டு, இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த நான்கு வாலிபர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் புக் அடியில் இருக்கட்டும். மெடிக்கல் போர்டு காகிதத்தை மேலே வைத்துக்கொண்டு வாருங்கள். அது இல்லாதவர்கள் முதலில் வாருங்கள், நகல் கேட்டு இன்றைக்கே ஒரு மனு எழுதிவிடலாம்.