கருணை மதிப்பெண் யாருடையது?

பல்கலைக்கழகத்தில் இறுதி மதிப்பெண்ணைப் பேராசிரியர் கூட்டிப் போடுவது நியாயமா? எப்படிக் கூட்டுகிறார் என்பதைப் பொறுத்தது அது.

வினாத்தாள் அளவுக்கு மீறிக் கடினமாகிவிட்டால் அளவுகோலே பிழை. அப்போது எல்லோருக்கும் 10 கூட்டலாம். சிலர் மதிப்பெண்ணின் வர்க்கமூலத்தை 10ஆல் பெருக்குவார்கள்: 36 வாங்கியவருக்கு 60, 81 வாங்கியவருக்கு 90. கீழே இருப்பவருக்குக் கூடுதல் உதவி. ஆனால் வரிசை மாறாது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004இல் வேறு வழி எடுத்தது. 'ஏ' தரங்களை 35 சதவீதத்துக்குள் வைக்கும்படி துறைகளைக் கேட்டது. பக்கத்து இருக்கைக்காரரின் வெற்றி நம் இழப்பாகத் தோன்றும் ஏற்பாடு அது. 2014இல் கைவிட்டார்கள்.

மூன்றாவது வழி, வந்து கேட்பவருக்கு மட்டும் கூட்டுவது. இதுதான் எனக்கு உறுத்துகிறது. இரவு வேலை முடித்து வகுப்புக்கு ஓடிவரும் பிள்ளையும், 'வாத்தியாரிடம் வாதாடாதே' என்று நாம் வளர்த்த பிள்ளையும் போய்க் கேட்பதில்லை.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக்காரர் கடைசியில் வந்தவருக்கும் முழுக்கூலி கொடுக்கிறார். அது அவருடைய காசு. மதிப்பெண் பேராசிரியரின் காசு அல்ல, சாட்சி. நோயாளிமேல் இரக்கப்பட்டு ரத்த அழுத்தத்தை நான் குறைத்து எழுத முடியாது. அடுத்த ஷிப்டில் வருபவர் அந்த எண்ணை நம்பித்தான் மருந்து கொடுப்பார்.

இரக்கம் வேண்டும். மறுதேர்வு வையுங்கள், கூடுதல் நாள் கொடுங்கள். ஆனால் அதை முதல் வகுப்பிலேயே எல்லோரும் கேட்கச் சொல்லிவிடுங்கள்.