சிப்பாயின் லீவும் வீட்டாரின் உரிமையும்

(சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர், ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் முன் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச வந்திருப்பது யுத்தத்தைப் பற்றி அல்ல. யுத்தத்துக்குப் போகிறவனின் லீவைப் பற்றியும், அவன் வீட்டில் காத்திருப்பவர்களின் சோற்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். சிப்பாய்க்கு மாலை போடுகிறார்கள், மேடையில் புகழ்கிறார்கள். ஆனால் அவனுக்கு வருஷத்தில் எத்தனை நாள் லீவு, அவன் இறந்தால் மனைவிக்கு மாதம் என்ன கிடைக்கும் என்று கேட்டால், புகழ்ந்தவர்களில் பலருக்குத் தெரியாது. பிள்ளையை அனுப்பி வைத்த வீட்டுக்கே பல சமயம் தெரிவதில்லை. அந்தக் கணக்கை இன்று நாம் வரிவரியாகப் பார்ப்போம்.

சிப்பாய் வரிசையில் நிற்பவன் யார்? தறிக்காரன் மகன், மில் தொழிலாளி மகன், நாற்று நடுகிறவள் மகன். நம் ஊரில் கோர்வைப் புடவை நெய்வதற்குத் தறியில் ஒருவர் உட்கார்ந்தால் போதாது. பக்கத்திலிருந்து கரைக்கு நாடா எறிய இன்னொருவர் வேண்டும். மகன் பட்டாளத்துக்குப் போனால் அந்த இடம் காலி. வயலிலும் அப்படித்தான். ஆகவே சிப்பாயின் சம்பளமும் லீவும் பென்ஷனும் அவன் ஒருவனுடைய விவகாரம் அல்ல. ஒரு குடும்பத்தின் உழைப்புக்கு ஈடாக வரவேண்டிய கூலி அது. தர்மம் அல்ல.

காகிதத்தில் உள்ள லீவு

ஆலைத் தொழிலாளிக்கு 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் லீவு என்று விதித்தது. ராணுவத்தின் நிரந்தரச் சிப்பாய்க்கு வருஷத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. மொத்தம் 90 நாள். எடுக்க முடியாமல் போன ஆண்டு விடுப்பில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்து, ஓய்வு பெறும்போது 300 நாள் வரைக்கும் ரொக்கமாக வாங்கலாம்.

90 நாளா என்று மில் தோழர் ஆச்சரியப்படலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். சங்கு ஊதினால் நீங்கள் வீட்டுக்குப் போகிறீர்கள். பிள்ளையின் முகத்தைத் தினமும் பார்க்கிறீர்கள். எல்லைக் காவலில் நிற்கிற சிப்பாய்க்குச் சங்கு இல்லை, வார விடுமுறை என்ற நிச்சயம் இல்லை. 90 நாளும் கிடைத்தால்கூட மீதி 275 நாள் அவன் வீட்டை விட்டுப் பிரிந்திருக்கிறான்.

அந்த 90 நாளும் நிச்சயமானதல்ல. லீவை உரிமையாகக் கோர முடியாது என்று விதியே சொல்கிறது. படைக்கு அவசரம் வந்தால் லீவு மறுக்கப்படும்; வீட்டுக்கு வந்தவனையும் திரும்ப அழைக்கலாம். தக்க காரணமில்லாமல் லீவு முடிந்தும் தங்கினால், 1950ம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 39வது பிரிவின்படி அது குற்றம். மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆலையில் ஆப்சென்ட் ஆனால் சம்பளம் போகும், வேலையும் போகலாம். அங்கே சுதந்திரமே போகும்.

வாய் கட்டப்பட்டவன்

லீவு குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? சங்கத்தில் கூடுகிறோம், கோரிக்கை வைக்கிறோம், தேவைப்பட்டால் வாயிலில் நிற்கிறோம். சிப்பாய் அதைச் செய்ய முடியாது. அரசியல் சட்டத்தின் 33வது ஷரத்தும், ராணுவச் சட்டத்தின் 21வது பிரிவும் அவன் தொழிற்சங்கத்தில் சேருவதையும், கூட்டத்தில் பேசுவதையும், பத்திரிகைக்கு எழுதுவதையும் கட்டுப்படுத்த சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்திருக்கின்றன. தன் அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். அவ்வளவுதான்.

சரித்திரத்தை எண்ணிப் பாருங்கள். 1946 பிப்ரவரி 18ந் தேதி பம்பாயில் கடற்படைச் சிப்பாய்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசியல் கைதிகளை விடுதலை செய் என்று கேட்ட அதே பட்டியலில், சம்பளத்திலும் குடும்பப் படியிலும் வெள்ளைக்கார மாலுமிக்குச் சமமாகக் கொடு என்றும் கேட்டார்கள். அவர்களுக்காகப் பம்பாய் மில் தொழிலாளிகள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிரையும் கொடுத்தார்கள். குடும்பப் படி என்பது சிறிய விஷயம் என்று அன்று யாரும் எண்ணவில்லை.

வீட்டாருக்கு என்ன?

இப்போது குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். நிரந்தரச் சிப்பாய் 15 வருஷம் சேவை செய்தால் ஆயுள் முழுவதும் பென்ஷன். பணியில் இருக்கும்போதே நோயில் இறந்தால், மனைவிக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, 10 வருஷம் வரை. பிறகு 30 சதவீதம். ராணுவ வேலையே மரணத்துக்குக் காரணம் என்றால் 60 சதவீதம். போரிலோ எல்லை மோதலிலோ இறந்தால், கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதுமே குடும்ப பென்ஷன்.

போரில் இறந்தவர்களின், ஊனமடைந்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவைத் தரும் திட்டம் 1971 யுத்தத்தை ஒட்டிப் பிறந்தது. 2017ல் அதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டினார்கள். எதிர்ப்பு எழுந்தது. 2018 மார்ச்சில் உச்சவரம்பை எடுத்தார்கள். 2023 நவம்பரில் பெண் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கு உள்ளபடியே 180 நாள் பிரசவ விடுப்பும், குழந்தை வளர்ப்பு விடுப்பும் உண்டு என்று முடிவாயிற்று. இதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்? கொடுத்ததைக் குறைக்கவும் முடியும். குறைத்ததைக் கேட்டு வாங்கவும் முடியும்.

நான்கு வருஷச் சிப்பாய்

2022 ஜூன் 14ந் தேதி மத்திய சர்க்கார் அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. பதினேழரை வயதிலிருந்து 21 வயது வரையுள்ள பிள்ளைகளை நான்கு வருஷத்துக்கு எடுப்பது. நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரமாக்குவது. மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவது. முதல் வருஷச் சம்பளம் 30,000 ரூபாய் என்றார்கள். அதில் 9,000 நிதிக்குப் பிடித்தம், கைக்கு 21,000. நான்கு வருஷம் முடிந்தால், சர்க்கார் பங்கும் வட்டியும் சேர்த்துச் சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை.

லீவு எவ்வளவு? நிரந்தரச் சிப்பாய்க்கு 60 நாள் ஆண்டு விடுப்பு என்றால், இவனுக்கு 30 நாள். அதே துப்பாக்கி, அதே பனி, அதே பகைவன். லீவில் மட்டும் பாதி!

அவன் பணியின் காரணமாக இறந்தால் 48 லட்சம் இன்ஷூரன்ஸ், 44 லட்சம் கருணைத் தொகை, மீதி நாட்களின் சம்பளம், நிதித் தொகை எல்லாம் உண்டு. இது சிறிய பணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மாதாமாதம் வரும் குடும்ப பென்ஷன் இல்லை. கைத்தறி வீட்டின் நிலை நமக்குத் தெரியாதா? கந்துக் கடனும், தங்கை கல்யாணமும், தகப்பனின் வைத்தியமும் வாசலில் காத்து நிற்கின்றன. குந்தித் தின்றால் குன்றும் மாளும். மாதச் சம்பளத்தை நம்பிய வயதான தாய், மொத்தத் தொகை கரைந்த பிறகு யாரிடம் போவாள்? பணியில் இறக்கும் அக்னிவீரனின் குடும்பத்துக்கும் நிரந்தரச் சிப்பாயின் குடும்பத்துக்குக் கிடைக்கும் அதே பலன்களைக் கொடுங்கள் என்று 2024ல் பார்லிமெண்டின் பாதுகாப்பு நிலைக்குழுவே சிபாரிசு செய்தது. நாம் மட்டும் கேட்கிற விஷயம் அல்ல இது.

வீட்டார் செய்யவேண்டியவை

உரிமை புத்தகத்தில் இருந்தால் போதாது, நம் வீட்டுப் பெயர் பதிவில் இருக்கவேண்டும். கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் சிப்பாய் தன் படைப்பிரிவில் உடனே எழுதிக் கொடுத்து, "பாகம் 2" ஆணையில் ஏற்றச் சொல்லுங்கள். ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, ராணுவப் பதிவு மூன்றிலும் மனைவியின் பெயர், தாயின் பெயர், பிறந்த தேதி ஒன்றுபோல் இருக்கட்டும். ஓர் எழுத்துப் பிழைக்காக விதவை வருஷக்கணக்கில் அலையக் கூடாது.

முன்பு தாய்க்கு உடம்பு மோசம் என்றால் தந்தி அடிப்போம். அந்தத் தந்தியைக் காட்டிச் சிப்பாய் லீவு கேட்பான். 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோயிற்று. எனவே படைப்பிரிவின் முழு விலாசத்தையும், தொலைபேசி எண்ணையும், சிப்பாயின் எண்ணையும் வீட்டில் எழுதி வைத்திருங்கள். டாக்டர் சீட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

நில வழக்கோ வீட்டு வழக்கோ இருந்தால் பயப்படவேண்டாம். வழக்குக்காக லீவு பெற்றதாக ராணுவ அதிகாரியின் சான்று கொடுத்தால், கூடியவரை அந்த லீவுக்குள்ளேயே வழக்கை விசாரித்து முடிக்கவேண்டும் என்று ராணுவச் சட்டத்தின் 32வது பிரிவு கோர்ட்டுக்குச் சொல்கிறது. சிப்பாய் வர முடியாத நிலையில் இருந்தால், 1925ம் வருஷத்துச் சட்டப்படி கலெக்டரே கோர்ட்டுக்குச் சான்று அனுப்பலாம். கடன் தீர்ப்புக்காக அவன் சம்பளத்தைக் கோர்ட் ஜப்தி செய்ய முடியாது. கடன்காரன் மிரட்டினால் இதைச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பெயரில் முன்னாள் என்று இருந்தாலும், பணியில் இருக்கும் சிப்பாயின் குடும்பத்தையும் கவனிப்பது அதன் கடமை.

நமது கோரிக்கை

தோழர்களே! சிப்பாய்க்கு வாயில்லை, நமக்கு இருக்கிறது. ஆகவே நாம் கேட்கிறோம்: ஒரே வேலை செய்யும் சிப்பாய்களுக்கு ஒரே லீவு கொடு! பணியில் இறக்கும் ஒவ்வொரு சிப்பாயின் குடும்பத்துக்கும் மாத பென்ஷன் கொடு! நான்கு வருஷம் முடித்து வருகிறவனுக்கு வேலை கொடு! தறிச் சங்கத்திலும், ஆலைச் சங்கத்திலும், விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறான் என்று கணக்கெடுங்கள். அந்த வீட்டுப் பதிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள்.