முகப்பா, முற்றமா? புதுச்சேரித் தமிழ்ப் பகுதி வீடுகள் பற்றி ஒரு வழக்கு

நேரம் குறைவு, வழக்கோ பழையது.

புதுச்சேரியின் தமிழ்ப் பகுதியில் எதைக் காப்பது? முகப்பு நின்றால் போதும், உள்ளே உரிமையாளர் விருப்பம் என்பது என் நண்பர்கள் சிலரின் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை.

வைசியாள் வீதியையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் அங்கே வரிசையாக முகப்புகள் சீரமைக்கப்பட்டன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதும் கிடைத்தது. நல்ல வேலைதான். படமெடுக்க வருபவர்கள் மாடியைப் பார்க்கிறார்கள்: வளைவுச் சன்னல், அரைத்தூண், கைப்பிடிச் சுவர், எல்லாம் பிரெஞ்சுச் சாயல். கீழே இருப்பது தமிழ் வீடு. தெருவோரம் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு, அதுதான் தாழ்வாரம். அதை ஒட்டித் திண்ணை, பிறகு நடை, பிறகு முற்றம். மழைக்குத் தாழ்வாரத்தில் ஒதுங்க யாரையும் கேட்க வேண்டாம். திண்ணையில் உட்கார முகம் தெரிந்திருக்க வேண்டும். நடையைத் தாண்ட உறவு வேண்டும். தெருவின் குணம் இந்தப் படிவரிசையில் இருக்கிறது.

இதை இயக்குவது முற்றம். வெப்பக் காற்று அதன் வழியே மேலேற, திறந்த வாசல் வழியே தெருக்காற்று உள்ளே வரும். திண்ணைக்குக் குளுமை அப்படித்தான் வாய்க்கிறது. முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டுப் பாருங்கள். காற்று நிற்கும், ஏ.சி. வரும், கதவு சாத்தப்படும். ஆள் உட்காராத திண்ணைக்குக் கம்பிக் கிராதி வரும், தாழ்வாரம் வண்டி நிறுத்துமிடமாகும். முகப்பில் ஒரு கீறல் இருக்காது. என் நண்பர்களும் மகிழ்ச்சியாக இருப்பார்கள்.

தனியார் வீட்டுக்குள் அரசு நுழையலாமா என்று ஒரு கருத்தரங்கில் ஒருவர் கேட்டார். (பதிலுக்குக் காத்திராமல் தேநீருக்குப் போய்விட்டார்.) என் பதில் இது: குடியிருப்பவரிடம் ஆணை வேண்டாம், உதவித்தொகை போதும். வீட்டை விடுதியாக்க அனுமதி கேட்பவரிடம் முற்றம் திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாமே. அவர் எப்படியும் அரசின் வாசலுக்கு வந்துதானே ஆக வேண்டும்?

அடுத்து, முகப்பைப் பார்த்தால் தெரியாத இன்னொன்று, சுண்ணாம்பு. சுண்ணாம்புக் காரைச் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் உதிரும். சுவருக்குள் செருகிய தேக்கு உத்திரங்களின் முனையும் அழுகும். விரிக்க நேரமில்லை.

பாகப்பிரிவினையையும் சொல்ல வேண்டும். முற்றத்தின் குறுக்கே அண்ணன் தம்பி எழுப்பும் சுவரை, முகப்பை மட்டும் காக்கும் விதி தடுக்காது. பிரெஞ்சுக் காலச் சொத்துப் பத்திரங்களை முற்றம் எப்படிப் பங்கிடப்பட்டது என்ற கண்ணோடு யாராவது படிக்க வேண்டும். செய்ய வேண்டிய வேறு வேலைகளும் உண்டு. தெற்கே முஸ்லிம் பகுதி வீடுகளுக்குத் தனி ஆய்வு தேவை. கொத்தனார்களிடம் கேட்டுக் காரைப் பக்குவங்களைப் பதிவுசெய்யலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், எஞ்சியிருக்கும் தாழ்வாரங்களை மாணவர்கள் அளவெடுக்கட்டும். அதற்கு நாடாவும் நோட்டும் போதும், ஐப்பசி மழைக்கு முன் தொடங்கிவிடலாம்.