நம் வீட்டுக் குப்பையும் பிறர் கைகளும்
(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா மேடையில் மொழியின் தொன்மையையும் முன்னோரின் பெருமையையும் எடுத்தியம்புவது நம் மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ வீட்டு வாயிலில் இருக்கும் குப்பைக்கூடை. இது விழாவுக்குரிய பொருளாகுமோ என்று எவரேனும் எண்ணுதல் கூடும். இறுதிவரை பொறுமையோடு கேட்டருள வேண்டுகிறோம்.

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, மாதேசுவரன் மலையேறி, கொள்ளேகாலைக் கடந்து மைசூரை அடைந்தவர்கள் நம்முள் பலர். 1997-ஆம் ஆண்டில் சாமராசநகர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை, பாலாற்றின் அக்கரையே மைசூர் மாவட்டத்தின் எல்லையாக இருந்தது. அந்த ஆற்றைக் கடந்த அன்றே இம்மண்ணின் சோற்றுக்கும் நீருக்கும் நாம் கடன்பட்டோம். வந்தாரை ஏற்ற ஊருக்கு வந்தவர் செய்யும் கைம்மாறு யாது? அவ்வூரைத் தூய்மையாக வைத்திருப்பதே முதற் கைம்மாறு என்போம்.

மைசூரின் தூய்மை நாடறிந்தது. நகர வளர்ச்சிக்கெனத் தனி வாரியம் 1903-ஆம் ஆண்டிலேயே இங்கு அமைந்தது. நடுவண் அரசின் தூய்மை ஆய்வில், 2015-இல் 476 நகரங்களுள்ளும், 2016-இல் 73 நகரங்களுள்ளும் மைசூரே முதலிடம் பெற்றது. பின்னர் 2017 முதல் பல ஆண்டுகள் அவ்விடத்தை இந்தூர் பெற்றது. வீட்டு வாயிலிலேயே குப்பையைப் பிரித்து வாங்கும் ஒழுங்கை அந்நகரம் உறுதியாகக் கைக்கொண்டது. விருது மாநகராட்சியின் கட்டடத்தில் உருவாவதன்று. நம் சமையலறையில் உருவாவது.

பிரிப்பதனால் ஆவதென்ன? காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் வாடிய பூவும் தனியே இருப்பின், சில வாரங்களில் எருவாகும். தாளும் தகரமும் கண்ணாடியும் உலர்ந்த நிலையில் தனியே இருப்பின், மீண்டும் ஆலைக்குச் சென்று புதுப்பொருளாகும். இரண்டும் கலந்தால் இரண்டும் கெடும். கலந்த குப்பை மேடாகக் குவியும்; காற்றுப் புகாத அடியில் அழுகி, தீப்பற்றும் வாயுவை எழுப்பும்; அதன் கசிவு நிலத்தடி நீரில் இறங்கும். வித்தியாரண்யபுரத்தில் பல்லாண்டுகளாகக் குவிந்த குப்பையின் நாற்றத்தை அப்பக்கம் வாழ்ந்தோர் நன்கறிவர். பிரித்த குப்பையை எருவாகவும் விலைப்பொருளாகவும் மாற்றிக் காட்டிய கும்பாரகொப்பல் நிலையமும் இதே மைசூரில்தான் உள்ளது.

அல்மித்ரா பட்டேல் என்னும் அம்மையார் 1996-இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பயனாக, 2000-ஆம் ஆண்டில் நகரக் குப்பைக்கென நாடு தழுவிய விதிகள் பிறந்தன. 2016-ஆம் ஆண்டு விதிகளோ, மக்குவன, மக்காதன, தீங்கு விளைப்பன என ஒவ்வொரு வீடும் மூவகையாகப் பிரித்துத் தரவேண்டுமெனப் பணித்தன. மக்கள் திரளும் நிகழ்ச்சிகளை நடத்துவோர்க்கும் இக்கடமை உண்டென உரைத்தன.

அவையீர்! இவ்விடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். சென்ற ஆண்டு விழாவில் அறுசுவை விருந்து படைத்தோம். விருந்து முடிந்ததும் எச்சில் இலை, காகிதக் குவளை, நீர்ப்புட்டி, உடைந்த கண்ணாடித் தம்ளர் யாவற்றையும் ஒரே பையில் திணித்துக் கட்டி வாயிலில் வைத்தோம். மறுநாட் காலை, விசில் ஊதித் தள்ளுவண்டியோடு வந்த துப்புரவுப் பணியாளர் அம்மையார் அப்பையை அவிழ்த்துக் கையால் பிரிக்கலானார். கண்ணாடிச் சில்லு அவர் உள்ளங்கையைக் கிழித்தது. நாம் ஓடிச்சென்று துணியால் கட்டினோம். துணி நனையும்வரை குருதி நிற்கவில்லை. அவரோ, "இது நாள்தோறும் நடப்பதுதானே, ஐயா" என்று கன்னடத்தில் கூறிவிட்டு, மற்றொரு கையால் வண்டியைத் தள்ளிச் சென்றார். முந்தைய மாலை இதே மேடையில் நாம் விருந்தோம்பலின் சிறப்பைப் பேசியிருந்தோம். அவர் மொழிந்த அச்சொல் நம் பேச்சனைத்தையும் வெறுமையாக்கிற்று.

அன்று முதல் நம் இல்லங்கள் சிலவற்றில் இதனைக் கடைப்பிடித்து வருகிறோம்: ஈரக் குப்பைக்கு ஒரு கூடை, உலர்ந்ததற்கு ஒன்று, பழைய மருந்து, மின்கலம் போன்றவற்றுக்கு ஒரு சிறு பெட்டி. உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, மேலே எழுதி, கையில் கொடுக்கிறோம். நாளொன்றுக்குச் சில நிமிடங்களே இதற்கு ஆகின்றன. குழந்தைகள் நம்மினும் விரைவில் கற்றுக்கொண்டனர்.

இன்னொன்றும் எண்ணுக. மைசூர் குடிப்பது காவிரி நீரும் கபினி நீரும். அவ்விரண்டும் கூடிப் பாய்ந்து, பாலாற்றையும் சேர்த்துக்கொண்டு, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் தேங்குகின்றன. எல்லைச் சாவடி வண்டிகளை நிறுத்தலாம், நீரை நிறுத்துவதில்லை. இங்கே நாம் கெடுக்கும் நீரை அங்கே நம் உற்றார் பருகுவர். புகுந்த ஊருக்கும் பிறந்த ஊருக்கும் ஒருசேரச் செய்யும் தொண்டு இது.

இன்றிரவு விருந்துக்கூடத்தின் பின்புறம் மூன்று கூடைகள் வைக்கப்பட்டுள்ளன. அருகே சங்கத்துப் பிள்ளைகள் நிற்பார்கள். ஒவ்வொருவரும் தத்தம் இலையைத் தாமே எடுத்துச் சென்று உரிய கூடையில் இட வேண்டுகிறோம். நாளைக் காலை அந்த அம்மையார் வருவார். அவர் கையிலுள்ள வடு ஆறிவிட்டது. மற்றொரு வடு நம்மால் நேராதிருக்கட்டும்.